கருவிக்காகக் கையா? கைக்காகக் கருவியா?

கயத்தாறு என்றதும் தமிழன் நெஞ்சில் ஒரு புளியமரம் நிழலாடும். 1799-ஆம் ஆண்டு அக்டோபர் 16-ஆம் நாள், தூக்குக் கயிற்றை நோக்கிக் கட்டபொம்மன் நிமிர்ந்த நடையோடு சென்ற காட்சி கண்முன் வரும். அந்தக் கயத்தாற்றைப் பற்றித்தான் இன்று எழுத எடுத்தேன். ஆனால், வாளைப் பற்றி அல்ல, அளவுகோலைப் பற்றி!

வாளுக்குப் பேர்போன ஊரில் அளவுகோலுக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். சொல்கிறேன், தோழர்களே!

கோவில்பட்டியிலிருந்து நெல்லை நோக்கிப் பேருந்தில் போகிறவன் கயத்தாற்றை நெருங்கும்போது சன்னலுக்கு வெளியே பார்க்கட்டும். கரிசல் காட்டிலே, வானத்தைத் துழாவும் மூன்று கைகளோடு காற்றாலைகள் நிற்கும். செங்கோட்டைக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று புகுந்து வரும் பாதை அது. மழை தராமல் ஏமாற்றிய காற்று, மின்சாரம் தந்து கடனைத் தீர்க்கிறது.

அந்தக் காற்றாலைக் கூட்டத்தின் நடுவே ஓர் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 1998-இல் தொடங்கப்பட்டு, சென்னைப் பள்ளிக்கரணையைத் தலைமையிடமாகக் கொண்ட தேசியக் காற்று ஆற்றல் நிறுவனத்தின் காற்றாலைச் சோதனை நிலையம் அது. டென்மார்க்கு நாட்டின் உதவியோடு அமைந்தது. அங்கே என்ன வேலை? "எங்கள் காற்றாலை இத்தனை காற்றுக்கு இத்தனை மின்சாரம் தரும்" என்று விற்கிறவன் சொல்கிறான் அல்லவா, அந்தச் சொல் மெய்யா, பொய்யா என்று அளந்து பார்க்கும் வேலை. காற்றாலைக்கு அருகே கம்பம் நட்டு, அதன் உச்சியில் கிண்ணம் சுழலும் காற்றுமானி வைத்து, பத்துப் பத்து நிமிடச் சராசரியாகக் காற்றையும் மின்சாரத்தையும் சேர்த்துக் கணக்கெடுக்கிறார்கள்.

இதிலே ஒரு கண்டிப்பு உண்டு. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதிலுள்ள ஆற்றல் இரண்டு மடங்கு அல்ல, எட்டு மடங்கு! ஆகவே, வேகத்தை அளப்பதில் 100-க்கு 10 பிழை ஏற்பட்டால், ஆற்றல் கணக்கிலே 100-க்கு 33 பிழை வந்து நிற்கும். அளவிலே கடுகளவு தவறு. கணக்கிலே பூசணியளவு நட்டம்!

இப்படி ஊர் ஊராக அளந்த கணக்கு கோப்பிலே தூங்கவில்லை. தரையிலிருந்து 100 மீட்டர் உயரத்தில் நாட்டின் எந்தப் பகுதியில் எவ்வளவு காற்று வீசும் என்று காட்டும் வரைபடத்தை 2015-இல் அந்த நிறுவனம் இணையத்தில் வைத்தது. அந்த உயரத்தில் நாடு முழுமைக்கும் 3 லட்சத்து 2 ஆயிரம் மெகாவாட் திறன் உண்டு என்று மதிப்பிட்டது. கயத்தாற்றுக் காற்றைக் கன்னியாகுமரியிலிருந்தும் பார்க்கலாம், கல்கத்தாவிலிருந்தும் பார்க்கலாம்!

நல்ல காரியம். ஆனால், இங்கேதான் என் கேள்வி பிறக்கிறது. அந்த வரைபடத்தை யார் பார்க்கப் போகிறார்கள்? ஆய்வு செய்பவனுக்கு எண்களின் அட்டவணை வேண்டும். மின்வாரியப் பொறியாளனுக்குக் கம்பி போகும் பாதை வேண்டும். நிலம் வைத்திருக்கிற விவசாயிக்குத் தன் ஊரின் பெயரைத் தட்டினால் விடை வேண்டும். விவரம் ஒன்று, கேட்பவர் மூவர். மூவருக்கும் ஒரே கதவைத் திறந்துவிட்டு "நுழையுங்கள்" என்றால் ஒருவன் நுழைவான், ஒருவன் முட்டிக்கொள்வான், ஒருவன் திரும்பிப் போய்விடுவான்.

அளக்கும் கருவி துல்லியமாக இருந்தால் மட்டும் போதாது. அளந்ததைப் பார்க்கும் கருவியும், பதியும் கருவியும், தேடும் கருவியும் அதைக் கையாளும் மனிதனுக்கு ஏற்றவையாக இருக்க வேண்டும். விஞ்ஞானிகளுக்காக இன்று இணையத்திலே ஏற்படுத்தப்படும் கருவிகள் ஏராளம். அவற்றில் எத்தனை, விஞ்ஞானியைக் கேட்டுச் செய்யப்பட்டவை? எத்தனை, அவன் தலையில் கட்டப்பட்டவை?

கண்ணால் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். என் நண்பர் ஒருவர் ஆலைத் தொழிலாளி. பஞ்சுத் தூசியைத் தின்று மகளைப் படிக்க வைத்தவர். அந்தப் பெண் இன்று ஆராய்ச்சி மாணவி. எந்த ஊர், எந்தக் கூடம் என்பது வேண்டாம். அவளைப் பார்க்கப் போனபோது ஆய்வுக்கூடத்தின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நாங்கள் இருவரும் நின்றுகொண்டிருந்தோம். உள்ளே அவள் கண்ணாடிக் குழாய்களை ஆட்டுகிறாள், பார்க்கிறாள், பார்த்துவிட்டுத் தன் இடக்கைக் கையுறையின் மேலேயே மைக்கோலால் ஏதோ குறிக்கிறாள். பக்கத்து அறையிலே புத்தம்புதுக் கணினி, ஆள் இல்லாமல் ஒளிவிட்டுக்கொண்டிருந்தது.

வெளியே வந்ததும் கேட்டேன். "ஏனம்மா, கணினி இருக்கிறதே, கையுறையில் எழுதுகிறாயே?"

சிரித்தாள். "கையுறை போட்ட கையால் கணினியைத் தொடக் கூடாது, மாமா. கழற்றிப் போட்டுவிட்டுப் போய் உட்கார்ந்தால் கடவுச்சொல் கேட்கும். அதைக் கொடுத்தால் முப்பது கட்டத்தைக் காட்டும். அதில் பாதிக்கு என் பரிசோதனையில் விடையே கிடையாது. விடாமல் நிரப்பினால்தான் அடுத்த பக்கம் திறக்கும். நிரப்பிக்கொண்டிருக்கும்போதே நேரமாகிவிட்டது என்று வெளியே தள்ளும். அதற்குள் இங்கே குழாயில் நிறம் மாறிப் போயிருக்கும்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன! கையுறையில் எழுதி, மாலையில் காகிதத்தில் எழுதி, மாதக் கடைசியில் உட்கார்ந்து கணினியில் ஏற்றுகிறோம். நடுவில் கையுறை குப்பைக்குப் போய்விட்டால் அன்றைய வேலையும் குப்பைக்குத்தான்."

என் நண்பர் அதுவரை வாய் திறக்கவில்லை. பெருமூச்சு விட்டுச் சொன்னார்: "எங்கள் ஆலையிலும் இதே கதைதான். வாங்குகிறவன் ஒருத்தன், ஓட்டுகிறவன் ஒருத்தன். ஓட்டுகிறவனைக் கேட்டா வாங்குகிறான்?"

பட்டறிவின் பேச்சு அது! பட்டம் பெற்ற மகளும் பஞ்சாலைத் தந்தையும் ஒரே நோயின் இரு நோயாளிகள் என்று அந்த நிமிடம்தான் எனக்குப் புரிந்தது.

"இது ஏதோ ஒரு மூலையில் நடந்த சிறு சங்கதி. பெரிய நாட்டுப் பெரிய விஞ்ஞானிகளுக்கு இந்த வம்பெல்லாம் உண்டா?" என்று கேட்கக் கூடும். உண்டு! உலகமே சிரித்த, சிரித்துவிட்டுச் சிந்தித்த ஒரு கதை உண்டு.

எக்செல் என்ற கணக்கு அட்டவணை மென்பொருளை நீங்கள் அறிவீர்கள். கடைக் கணக்கும் சம்பளப் பட்டியலும் போடுவதற்கு மிகப் பொருத்தமானது. மைக்ரோசாப்ட் நிறுவனம் 1985-இல் வெளியிட்டது. அதற்கு ஒரு பழக்கம் உண்டு. தேதி மாதிரி ஏதாவது கண்ணில் பட்டால், கேட்காமலேயே அதைத் தேதியாக மாற்றிவிடும். கணக்கப்பிள்ளைக்கு அது உதவி.

ஆனால், அந்த அட்டவணையை விஞ்ஞானிகளும் எடுத்துக்கொண்டார்கள். மனித உடலின் மரபணுக்களை வரிசைப்படுத்தி அதில் எழுதினார்கள். மரபணு என்பது தாய் தந்தையிடமிருந்து நாம் பெறும் உடற்குறிப்பு. ஒவ்வொன்றுக்கும் விஞ்ஞானிகள் ஒரு சுருக்கப் பெயர் வைத்திருக்கிறார்கள். உயிரணு இரண்டாகப் பிரியும்போது துணைநிற்கும் ஒரு புரதக் குடும்பத்துக்குச் 'செப்டின்' என்று பெயர். அதன் மரபணுக்களைச் சுருக்கமாகச் 'செப்ட்1', 'செப்ட்2' என்று எழுதினார்கள். இன்னொரு குடும்பத்துக்கு 'மார்ச்1', 'மார்ச்2' என்று பெயர் வந்தது.

நடந்தது என்ன? விஞ்ஞானி 'செப்ட்2' என்று எழுதினான். எக்செல் அதைச் 'செப்டம்பர் 2' என்று மாற்றியது! அவன் 'மார்ச்1' என்று எழுதினான். எக்செல் 'மார்ச் மாதம் முதல் தேதி' என்றது! மரபணு எழுதிய இடத்தில் மாதப்பஞ்சாங்கம்! அதுவும் சத்தமில்லாமல், சாடை காட்டாமல், ஆயிரக்கணக்கான வரிகளுக்கு நடுவே!

2004-ஆம் ஆண்டிலேயே இதைக் கண்டு எச்சரித்துக் கட்டுரை வெளியிட்டார்கள். யார் கேட்டார்கள்? 2016-இல் ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள் 3,500-க்கும் மேற்பட்ட ஆய்வுக் கட்டுரைகளை எடுத்து, அவற்றோடு இணைக்கப்பட்ட மரபணு அட்டவணைகளைச் சோதித்தார்கள். ஏறத்தாழ ஐந்தில் ஒரு கட்டுரையில் இந்தப் பிழை இருந்தது. தோழர்களே, ஐந்தில் ஒன்று! புற்றுநோய்க்கும் பிற நோய்க்கும் மருந்து தேடுகிறவர்கள் நம்பி எடுத்துப் படிக்கும் அட்டவணைகள் இப்படிப்பட்டவைதாம்.

கடைசியில் யார் பணிந்தார்கள்? மென்பொருளா, விஞ்ஞானமா? 2020-இல் மரபணுக்களுக்குப் பெயர் சூட்டும் உலகக் குழு பணிந்தது! 'செப்ட்1' இனிமேல் 'செப்டின்1', 'மார்ச்1' இனிமேல் 'மார்ச்எஃப்1' என்று பெயரையே மாற்றி அறிவித்தது. சற்றேறக்குறைய 27 மரபணுக்கள், ஓர் அட்டவணைக்கு அஞ்சிப் புதுப்பெயர் பூண்டன. செருப்பு கடிக்கிறது என்று காலைச் சீவிய கதை இது! தானாக மாற்றுவதை நிறுத்தி வைக்கும் விசையை மைக்ரோசாப்ட் தந்தது எப்போது? 2023-இல்! எச்சரிக்கை எழுந்து 19 ஆண்டுகள் ஆன பிறகு!

எக்செலைப் பழிக்கவில்லை நான். கணக்கப்பிள்ளைக்காகப் பிறந்த கருவி அது. கணக்கப்பிள்ளைக்கு உண்மையாக உழைத்தது. ஆய்வுக்கூடத்து மனிதனை மனத்திலே வைத்து அதை யாரும் செய்யவில்லை. அவனுக்கென்று ஏற்ற கருவி கைக்கெட்டவும் இல்லை. கிடைத்ததை எடுத்தான், கேட்டை வாங்கினான். பிறருக்குத் தைத்த சட்டையைப் போட்டுக்கொண்டால் கை தூக்கும்போது கிழியத்தான் செய்யும்!

சரி, கேட்டுச் செய்வது என்ற முறை எங்கே பிறந்தது? பேராசிரியர் மேசையிலா? முதலாளி மாளிகையிலா? அங்கெல்லாம் இல்லை. இதை நம் தொழிலாளத் தோழர்கள் மார்தட்டிச் சொல்லலாம்: அந்த முறைக்கு ஊற்றுக்கண்ணாக நின்றவை தொழிற்சங்கங்கள்!

1970-களின் தொடக்கத்தில் நார்வே நாட்டில் தொழிற்சாலைகளுக்குள் கணினி நுழைந்தது. "இது எங்கள் வேலையை என்ன செய்யும்?" என்று இரும்பு, உலோகத் தொழிலாளர் சங்கம் கேட்டது. கிறிஸ்டன் நைகார்ட் என்ற கணினி அறிஞர் அந்தச் சங்கத்தோடு சேர்ந்து உட்கார்ந்தார். கணினியைத் தொழிலாளர் தாமே கற்று, தாமே எடைபோட்டு, தமக்கு எது தேவை என்று எடுத்துரைக்க வழி செய்தார். அதன் பிறகு 1981 முதல் 1985 வரை, வடஐரோப்பிய நாடுகளின் அச்சுத் தொழிலாளர் சங்கமும் கணினி ஆராய்ச்சியாளரும் கைகோத்து 'உட்டோப்பியா' என்ற திட்டத்தை நடத்தினார்கள். நோக்கம் என்ன? நாளேட்டில் பக்கம் கட்டும் தொழிலாளியின் திறமையை விழுங்காத கணினி, அவன் கைத்திறனுக்குக் கைகொடுக்கும் கணினி!

எப்படிச் செய்தார்கள் தெரியுமா? அந்தக் கணினி இன்னும் பிறக்கவில்லை. ஆகவே, ஒட்டுப்பலகையாலும் அட்டைப்பெட்டியாலும் போலிக் கணினி செய்து வைத்தார்கள். வெறும் அட்டைப்பெட்டி ஒன்றின்மேல் 'அச்சுப்பொறி' என்று எழுதி வைத்தார்கள். பக்கம் கட்டும் தொழிலாளி வந்தான், நின்றான், வேலை செய்வதுபோல் செய்து காட்டினான். "இது இங்கே இருந்தால் கை எட்டாது; அது அங்கே இருந்தால் கண் மறைக்கும்" என்றான். அட்டையை வெட்டினார்கள், ஒட்டினார்கள், மறுபடி காட்டினார்கள். கோடி ரூபாய் இயந்திரத்தை வாங்கிய பிறகு அழுவதைவிட, கால்பணத்து அட்டையிலே தவற்றைக் கண்டுபிடிப்பது மேல் அல்லவா?

அச்சுக்கூடத்திலே முளைத்த அந்த விதைதான் பிறகு தழைத்தது. யார் பயன்படுத்தப் போகிறானோ அவனை நடுவிலே நிறுத்திக் கருவியை வடிக்கும் முறைக்கு 1999-இல் உலகத் தர நிறுவனமே விதி வகுத்தது.

நம் நாட்டில் இதற்கு எடுத்துக்காட்டு உண்டா? தலைநிமிர்ந்து சொல்லக்கூடிய எடுத்துக்காட்டு உண்டு.

சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரன் என்றொரு விஞ்ஞானி இருந்தார். 1952-இல் அங்கே இயற்பியல் துறைக்குத் தலைவராக வந்தவர். புரதங்களின் வடிவத்தை ஆராய்ந்தார். புரதம் என்பது மணிகளைக் கோத்த சங்கிலி போன்றது. ஒவ்வொரு கண்ணியும் இரண்டு இடங்களில் திரும்பலாம். எப்படி வேண்டுமானாலும் திரும்பலாமா? கூடாது. திரும்பினால் ஓரணு இன்னோரணுவின் மேல் இடிக்கும். எந்தெந்தத் திருப்பம் ஆகும், எது ஆகாது? ராமச்சந்திரனும் அவருடன் உழைத்த சி. ராமகிருஷ்ணனும் வி. சசிசேகரனும் கணக்குப் போட்டுப் பார்த்து, விடையை ஒரு சதுரத்துக்குள் அடக்கினார்கள். நெடுக்கே ஒரு கோணம், குறுக்கே ஒரு கோணம். ஆகும் இடத்துக்கு வண்ணம். ஆகாத இடம் வெறுமை. 1963-இல் வெளியான அந்தப் படத்துக்கு உலகம் 'ராமச்சந்திரன் வரைபடம்' என்றே பெயர் வைத்திருக்கிறது.

அதன் பெருமை எதில் இருக்கிறது? கணக்கின் ஆழத்தில் பாதி. பார்வைக்கு எளிமையில் மறுபாதி! ஆய்வுக்கூடத்தில் நிற்பவனின் கேள்வி என்ன? "நான் கண்டுபிடித்த வடிவம் சரியா? எங்கே தவறு?" என்பதுதானே. அந்தக் கேள்விக்கு அந்தச் சதுரம் கண் இமைக்கும் நேரத்தில் விடை சொல்கிறது. புள்ளி வண்ணத்துக்குள் விழுந்தால் சரி. வெளியே விழுந்தால், "தம்பி, இங்கே திரும்பிப் பார்" என்கிறது. 1971-இல் ஏழே ஏழு வடிவங்களோடு தொடங்கிய உலகப் புரத விவரக் களஞ்சியத்தில் இன்று 2 லட்சத்துக்கும் மேற்பட்ட வடிவங்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. புதிதாக ஒன்றை அங்கே ஒப்படைக்கும்போது வரும் சோதனை அறிக்கையிலே, கிண்டியில் பிறந்த ராமச்சந்திரன் சோதனையும் ஒன்று! அறுபது ஆண்டுகளாக அந்தக் கருவி நிலைத்து நிற்கக் காரணம், அது கேட்பவன் கேள்வியிலிருந்து பிறந்தது என்பதுதான்.

இன்னொன்றும் சென்னையில்தான். தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்தார், மூலிகைகளைப் பற்றி ஓர் இணையக் களஞ்சியம் கட்டினார்கள். 'இம்பாட்' என்று அதற்குப் பெயர். 2018-இல் வெளிவந்தபோது அதில் 1,742 மூலிகைகளும் அவற்றிலுள்ள 9,596 வேதிப்பொருள்களும் இருந்தன. பழைய மருத்துவ நூல்களை ஆள் உட்கார்ந்து படித்துப் படித்துத் திரட்டியவை. பின்னர் வந்த இரண்டாம் பதிப்பில் 4,010 மூலிகைகள், 17,967 வேதிப்பொருள்கள்!

எண்ணிக்கை கூடியது பெரிதல்ல. இரண்டாம் பதிப்பிலே ஒரு நுட்பம் சேர்ந்தது. இந்த வேதிப்பொருள் இந்த மூலிகையில் உண்டு என்பதோடு நிற்காமல், செடியின் எந்த உறுப்பில் உண்டு என்றும் சொன்னார்கள். வேரிலா? இலையிலா? பட்டையிலா? விதையிலா? திரையில் பார்ப்பவனுக்கு இது ஒரு கூடுதல் கட்டம். ஆய்வுக்கூடத்தில் நிற்பவனுக்கோ இது இல்லாமல் வேலையே ஓடாது! நிலவேம்பைக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டு, எதை அரைப்பது, எதை எறிவது என்று அவன் முழிக்க வேண்டாமா? நம் பாட்டிக்குத் தெரியும், எந்த நோய்க்கு இலை, எந்த நோய்க்கு வேர் என்று. பாட்டி கேட்கும் கேள்வியைக் கணினியும் கேட்கத் தொடங்கியது என்றால், கருவி மனிதனை நெருங்குகிறது என்று பொருள்.

"கேட்டுச் செய், கேட்டுச் செய் என்கிறாயே, விஞ்ஞானி கேட்பதையெல்லாம் செய்து கொடுப்பதா?" என்று மென்பொருள் செய்வோர் சிலர் மடக்குவார்கள். நியாயமான கேள்வி. இல்லை என்பதே என் பதில்! "உனக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டால் எவனும் தனக்குத் தெரிந்ததைத்தான் கேட்பான். மாட்டுவண்டிக்காரனைக் கேட்டால் இன்னும் இரண்டு நல்ல மாடு வேண்டும் என்பான். ஆகவே, வாயைக் கேட்பதோடு நிற்காதே, கையைப் பார்! ஆய்வுக்கூடத்துக்குப் போ. ஒரு நாள் முழுக்க ஓரமாக நில். கையுறை போட்ட கை எதைத் தொடுகிறது, எதைத் தொட முடியாமல் தவிக்கிறது, எந்த நேரத்தில் சீட்டைத் தேடுகிறது, எதை உதறிவிட்டுக் குறுக்குவழி போகிறது என்று பார். அந்தப் பெண் கையுறையில் எழுதினாளே, அந்த எழுத்துத்தான் உனக்கு அவள் எழுதிய விண்ணப்பம்!

பார்த்த பிறகு, உடனே கோட்டை கட்டாதே. காகிதத்தில் திரையை வரைந்து காட்டு. ஐந்து பேரை உட்கார வை. ஐயாயிரம் பேர் வேண்டாம். ஐந்து பேர் போதும், பெரும்பாலான குறைகள் வெளியே வந்துவிடும் என்று இத்துறை அறிஞர் ஜேக்கப் நீல்சன் கணக்குப் போட்டே காட்டியிருக்கிறார். ஐவரும் ஒரே இடத்தில் தடுக்கி விழுந்தால், அவர்களுக்கு அறிவில்லை என்று சொல்லாதே; வாசற்படி உயரம் என்று உணர்!

அப்புறம் கருவிக்கு மூன்று ஒழுக்கம் வேண்டும். முதலாவது, எழுதியதைச் சொல்லாமல் மாற்றாதே. மாற்றத்தான் வேண்டுமென்றால், "மாற்றட்டுமா?" என்று கேள். மரபணு மாதமான கதை இரண்டாம் முறை நடக்கக் கூடாது. இரண்டாவது, பாதியில் மின்சாரமோ இணையமோ போனாலும், எழுதியவரை பத்திரமாக வைத்திரு. நம் ஊர் ஆய்வுக்கூடம் அமெரிக்க ஆய்வுக்கூடம் அல்ல. மூன்றாவது, விஞ்ஞானி இட்ட விவரத்தை விஞ்ஞானி விரும்பியபோது வெளியே எடுத்துக்கொண்டு போக வழி வை. உள்ளே போக ஒரு வாசல், வெளியே வர வாசலே இல்லை என்றால் அதற்குப் பெயர் களஞ்சியம் அல்ல, எலிப்பொறி!

"விஞ்ஞானிக்கு இத்தனை சொகுசா? உழைக்கும் நமக்கு இதனால் என்ன?" என்று நம் தோழர் ஒருவர் மனத்துக்குள் கேட்பது எனக்குக் கேட்கிறது. தோழரே, ஆய்வுக்கூடத்துக் கண்ணாடிக் குழாய் எவர் காசில் வாங்கியது? தீப்பெட்டி வாங்கும்போதும் தேயிலை வாங்கும்போதும் நீங்கள் செலுத்தும் வரியிலே வாங்கியது! அங்கே பிறக்கும் மருந்து எவர் வயிற்றுக்குள் போகிறது? உங்கள் குழந்தையின் வயிற்றுக்குள்! விஞ்ஞானியின் பிற்பகல் கடவுச்சொல்லிலும் கட்டம் நிரப்புவதிலும் கரைந்தால், கரைவது உங்கள் பணம். அவன் அட்டவணையிலே செப்டம்பர் மாதம் புகுந்தால், தாமதமாவது உங்கள் நோய்க்கான மருந்து. அதுமட்டுமா? ஆலைத் தொழிலாளியின் மகள் இன்று அந்த மேசைக்கு வந்திருக்கிறாள். எத்தனையோ கதவைத் தட்டித் திறந்து வந்தவளை, ஒரு திரை வந்து வாசலிலே நிறுத்துவதா?

ஆகவே, பொதுப் பணத்தில் ஆய்வுக்கூடத்துக்கு எந்த இணையக் கருவியை வாங்கினாலும், செய்தாலும், ஒப்பந்தத் தாளிலே ஒரு வரி இருக்க வேண்டும்: "இதைப் பயன்படுத்தப் போகிறவர்கள் முன்கூட்டியே பார்த்து, கையாண்டு, குறை சொல்லி, குறை தீர்ந்த பிறகே பணம் தரப்படும்." பேராசிரியர் மட்டும் பார்த்தால் போதாது. ஆராய்ச்சி மாணவி பார்க்க வேண்டும். குழாய் கழுவும் உதவியாளர் பார்க்க வேண்டும். கயத்தாற்றுக் கரிசலிலே வெயிலில் கம்பம் ஏறிக் காற்றுமானியைத் துடைக்கும் தொழிலாளி பார்க்க வேண்டும். ஒரே ஒரு வரிதான். செலவு இல்லை, துணிவு வேண்டும்.

கயத்தாற்றிலிருந்து கிழக்கே போனால் தூத்துக்குடிக் கடல். அந்தக் கடல் இதே பாடத்தை எப்போதோ சொல்லிக் கொடுத்திருக்கிறது. முத்துக்குளித்த காலத்தில் கடலுக்கு அடியில் உள்ள சிப்பிப் படுகைகளுக்குப் 'பார்' என்று பெயர். ஒவ்வொரு பாருக்கும் தனிப் பெயர் வைத்து, அதன் இடத்தை அடையாளம் கண்டு வைத்திருந்தவர்கள் குளிகாரர்களும் தோணிக்காரர்களும்தாம். பின்னால் வந்த விஞ்ஞானிகளின் வரைபடங்களிலும் அந்தத் தமிழ்ப் பெயர்களே ஏறின. 1961-உடன் அங்கே முத்துக்குளிப்பு நின்றது. ஆனால், 1973-இல் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் விஞ்ஞானி கே. அழகர்சாமி, அதே கரையில் வளர்ப்பு முத்தை உருவாக்கிக் காட்டினார். கடலறிவும் கலையறிவும் கைகோத்தால் முத்து விளையும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

முத்துக் குளிக்கிறவன் கல்லின் பாரத்தில் கடலுக்குள் இறங்குவான். மூச்சை அடக்கிக்கொண்டு இருட்டிலே தடவித் தடவிச் சிப்பி பொறுக்குவான். மேலே தோணியில் ஒருவன், கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பான். கீழே இருப்பவன் கயிற்றை ஓர் அசைப்பு அசைத்தால், மேலே இருப்பவன் உடனே இழுக்க வேண்டும். அவன் அயர்ந்தால், இவன் உயிர் போகும். தோணி பெரிதா, கயிறு பட்டா என்று எந்தக் குளிகாரனும் கேட்டதில்லை. மேலே நிற்பவன் கைக்கு, கீழே இருப்பவனின் அசைப்புத் தெரிகிறதா என்பது ஒன்றே கேள்வி!

ஆராய்ச்சியாளன் அறியாமை என்ற ஆழ்கடலில் மூச்சடக்கி இறங்கியிருக்கிறான். கருவி செய்பவன் தோணியில் கயிறு பிடித்து நிற்கிறான். கீழேயிருந்து கயிறு அசைகிறது. ஒரு பெண் கையுறையில் எழுதுகிறாள், கயிறு அசைகிறது. ஒருவன் அட்டவணையில் மாதத்தைக் கண்டு திகைக்கிறான், கயிறு அசைகிறது.

கயிறு பிடித்தவனே, உன் கைக்கு அது தெரிகிறதா?